குதிரை உறைவிந்து: மாதவரத்திலிருந்து சில பதில்கள்

மாதவரத்தில் பல வருடமாக மாட்டுக்கும் குதிரைக்கும் சினை ஊசி போட்டு வருகிறேன். குதிரை விந்தை உறைய வைத்து, பிறகு உருக்கி ஊசியாகப் போடுவது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

மணலித் தம்பி: அண்ணே, ஜனவரியில் உறைய வைத்த விந்து அருமையாக இருந்தது. ஜூலையில் அதே குதிரை, அதே கரைசல். உருக்கிப் பார்த்தால் அணுக்கள் நகரவே இல்லை. ஏன்?

அக்னி நட்சத்திரம்தான் காரணமாக இருக்கும், தம்பி. குதிரைக்கு ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 57 நாள் ஆகும். அப்புறம் விரையை ஒட்டிய குழாயில் முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மே மாதச் சூட்டில் பட்ட அடி ஜூலையில்தான் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சல் வந்தாலும் இதே கணக்குதான். தகரக் கூரையின் மேல் கீற்றுப் போடுங்கள், கொட்டகையில் காற்று ஓடட்டும். உறைய வைக்கும் வேலையை மார்கழி, தை மாதங்களில் முடித்துக்கொள்ளுங்கள். நெடுநாள் ஓய்வில் இருந்த குதிரை என்றால், ஐந்தாறு நாள் தினமும் எடுத்துப் பழைய சரக்கைக் கழித்த பிறகு உறைய வையுங்கள்.

வேப்பேரி மாணவி: ஐயா, உறையும்போது அணுக்களைக் காக்கக் கரைசலில் சேர்க்கும் கிளிசரால் அளவைக் கூட்டினால் அதிக அணுக்கள் பிழைக்குமா?

கூட்டாதீர்கள், அம்மா. மாட்டு விந்து தாங்கும் அளவைக் குதிரை விந்து தாங்காது. நான் 3 சதவீதத்தை ஒட்டியே வைக்கிறேன். அதிலும் தேறாத குதிரைக்கு, கிளிசராலுக்குப் பதிலாகப் போடும் டைமெத்தில் ஃபார்மமைடு பல நேரம் கைகொடுக்கும். அதைவிட முக்கியம் அணுக்களிலிருந்து விந்துநீரைப் பிரிப்பது. அது கூடவே இருந்தால் உறைதலில் அணு சாகும். சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் 600 ஜி (புவியீர்ப்பைப் போல 600 மடங்கு விசை), 10 நிமிடம் போதும். வேகத்தைக் கூட்டினால் அடியில் அணுக்கள் கட்டியாக இறுகிவிடும். பிரிக்கவும் வராது, பிரித்தாலும் நொந்துபோயிருக்கும். அறைச் சூட்டிலிருந்து 5 டிகிரிக்கு மெதுவாக இறக்குங்கள். அவசரப்பட வேண்டிய இடம் அது இல்லை.

இவ்வளவும் செய்து தேறாத குதிரைகளும் உண்டு. பார்க்க ராஜாவாக இருக்கும், நேரடியாகச் சேர்த்தால் சினை பிடிக்கும், ஆனால் விந்து உறைதலைத் தாங்காது. அது பிறவிக் குணம். அந்தக் குதிரைக்காக, விந்தை உறைய வைக்கும் திரவ நைட்ரஜனைச் செலவழிக்காதீர்கள்.

புளியந்தோப்பு அண்ணன்: உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழலான குச்சி பசுவுக்கு ஒன்று போதும், குதிரைக்கு எட்டு கேட்கிறார்களே?

ஏமாற்று வேலை இல்லை, அண்ணே. உருக்கிய பிறகு சுமார் 25 கோடி நகரும் அணுக்கள் ஒரு தடவைக்கு வேண்டும். 0.5 மி.லி. குச்சியில் எட்டு சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். முன்னேறி நகரும் அணு 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வாங்காதீர்கள்.

இன்னொருவர்: ரேஸ் குதிரைக்கு உறைவிந்து ஊசி போடலாமா?

கூடாது. ரேஸில் ஓடும் தரோபிரெட் இனத்தின் பதிவுக்கு நேரடிச் சேர்க்கை மட்டுமே செல்லும். நம் நாட்டு இனங்களான மார்வாரி, கத்தியவாரிக்குப் போடலாம்.

எண்ணூர் நண்பர்: நல்ல குச்சிதான் வாங்கினேன், மூன்று முறை போட்டும் சினை நிற்கவில்லை.

சினைப்பையிலிருந்து முட்டை வெடித்து வெளிவந்த 6 மணி நேரத்துக்குள் போட்டீர்களா? உருக்கிய விந்து நெடுநேரம் உயிரோடு இருக்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் கிடைத்த பிறகு குச்சியை வாங்குங்கள்.

அடுத்து, குச்சிகளைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் உங்கள் கேனைப் பாருங்கள். ஆரம்ப நாளில், குச்சியில் எழுதியிருந்த பெயரைப் படிக்க நான் குச்சிகள் இருந்த கூடையைக் கேனின் கழுத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அரை நிமிடம்கூட இருக்காது. நுண்ணோக்கியில் ஒரு அணுவும் அசையவில்லை. வாங்கி வந்தவரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது கழுத்துக்குக் கீழேயே இடுக்கியால் பிடித்து, நேராக 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி போடுகிறேன். கை வைத்துச் சூடு பார்ப்பதில்லை, தெர்மாமீட்டர்தான். வெட்டுவதற்கு முன் குச்சியை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அணுக்கள் ஊதி வெடித்துவிடும்.