கிரசன்ட் நெபுலா கண்ணில் படவில்லையா? பெரிய டெலஸ்கோப் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கிறது, குவியத்தூரம் 1200 மி.மீ. சிக்னஸ் (அன்னம்) விண்மீன் கூட்டத்தில் உள்ள கிரசன்ட் நெபுலாவை, அதாவது அந்தப் பிறை வடிவ வாயு மேகத்தை, மூன்று இரவு தேடினேன். வெறும் நட்சத்திரங்கள்தான் தெரிந்தன. படங்களில் சிவப்பாக ஜொலிக்கிறதே! 12 அங்குலத்துக்கு மாறினால் தெரியுமா?

இப்போதைக்கு மாறாதீர்கள். உங்கள் 8 அங்குலமே போதும், அதில் போட ஒரு ஓ-3 ஃபில்டர் மட்டும் வாங்குங்கள். அதே 12 அங்குலத்தை ஃபில்டர் இல்லாமல் ஊருக்குள் வைத்துப் பார்த்தால் இன்னும் நிறைய நட்சத்திரங்கள் தெரியும், நெபுலா மட்டும் தெரியாது.

அனேகமாக நீங்கள் சரியான இடத்தைத்தான் பார்த்திருப்பீர்கள், தேடிய நிறம்தான் தவறு. படத்தில் ஜொலிக்கும் அந்தச் சிவப்பு ஹைட்ரஜனின் ஒளி, 656 நானோமீட்டர். கேமரா அதை மணிக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். இருட்டுக்குப் பழகிய நம் கண்ணுக்கோ அந்தச் சிவப்பு கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான், ஏனென்றால் இரவில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் 500 நானோமீட்டரை ஒட்டிய பச்சை-நீல ஒளிக்குத்தான் கூர்மையானவை. நல்லவேளையாக, இதே நெபுலாவில் இருக்கும் ஆக்சிஜன் 496, 501 நானோமீட்டரில் ஒளிர்கிறது, நம் கண்ணுக்கென்றே அளந்து வைத்த மாதிரி. அந்த இரண்டு கோடுகளை மட்டும் விட்டுவிட்டு வானத்தின் மற்ற வெளிச்சத்தைத் தடுப்பதுதான் ஓ-3 ஃபில்டரின் வேலை. பொதுவான ஒளி மாசு ஃபில்டர் என்று விற்கப்படுவதை வாங்கிவிடாதீர்கள், அது நிறைய அலைநீளங்களை உள்ளே விட்டுவிடும், இந்த நெபுலாவுக்குப் பெரிதாகப் பயன்படாது.

ஆக்சிஜன் ஏன் அங்கே அப்படி ஒளிர்கிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவதற்கே ஒரு ருசி வரும். நெபுலாவின் நடுவில் டபிள்யூஆர் 136 என்ற நட்சத்திரம் இருக்கிறது. 1867-ல் பாரிஸில் சார்ல்ஸ் வூல்ஃப், ஜார்ஜ் ராயே இருவரும் இதே சிக்னஸில் மூன்று விசித்திர நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்கள், அந்த வூல்ஃப்-ராயே வகை இது. சூரியனைவிடப் பல மடங்கு எடையோடு பிறந்து, ஒரு கட்டத்தில் சிவப்புப் பெருநட்சத்திரமாக ஊதி, வெளி அடுக்குகளை மெல்லிய காற்றாக மெதுவாக உதிர்த்தது. அப்புறம் ஹைட்ரஜன் போர்வை ஏறக்குறைய முழுதும் போய், கொதிக்கும் உட்பகுதி வெளியே தெரிய, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் புதிய காற்று கிளம்பியது. அது முன்பு உதிர்ந்ததைப் பின்னாலிருந்து வந்து மோதி, வாரிக் குவித்த ஓடுதான் நீங்கள் தேடும் பிறை. நட்சத்திரத்தின் புறஊதா ஒளி ஆக்சிஜன் அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கும் அளவுக்குக் கடுமையானது, அதனால்தான் அந்தப் பச்சை. இதைச் சிலர் கோள் நெபுலாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது சூரியனைப் போன்ற சிறிய நட்சத்திரங்கள் மெதுவாக அணையும்போது விட்டுச்செல்வது. இது சூப்பர்நோவாவாக வெடிப்பதற்கு முந்தைய கட்டம்.

சரி, தேடுவோம். நிலா இல்லாத இரவு, ஊர் வெளிச்சம் எட்டாத இடம், 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்). உங்கள் குழாயில் அது 48 மடங்கு பெரிதாக்கும், வெளிவரும் ஒளிக்கற்றை 4 மி.மீ. தடிமனுக்குச் சற்று மேல் இருக்கும், ஃபில்டருக்குப் பொருத்தமான அளவு. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் படம் இருண்டுபோகும். அரை மணி நேரம் போனைத் தொடாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். சிக்னஸின் சாதர் நட்சத்திரத்திலிருந்து தென்மேற்கே இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் நகருங்கள். நேராக முறைத்துப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஒதுக்கி, குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசையும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நான் முதலில் பார்த்தபோது ஃபில்டரைத் திருகி மாட்டவில்லை, ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே விரல்களில் பிடித்து உள்ளே வெளியே நகர்த்தினேன். உள்ளே வந்ததும் நட்சத்திரங்கள் மங்கின, அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் வளைந்த கோடு ஒன்று மூச்சுவிட்ட ஆவிபோல எழுந்தது. வெளியே எடுத்ததும் காணோம். பத்துப் பதினைந்து முறை அதையே செய்துகொண்டிருந்தேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள். முழு ஓவலை எதிர்பார்க்காதீர்கள், பிரகாசமான பக்கத்து வில் மட்டும் தெரிந்தாலே கண்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நிறமும் தெரியாது.

அதற்கு முன் ஒருமுறை அதே சிக்னஸில் இருக்கும் வெய்ல் (Veil, முக்காடு) நெபுலாவில் ஃபில்டரைப் பழகிக்கொள்ளுங்கள். அது வெடித்து முடிந்த நட்சத்திரத்தின் எச்சம், ஓ-3-ல் மிகத் தெளிவு. வெய்ல் நெபுலாவே தெரியவில்லை என்றால் வானம் போதவில்லை, கிரசன்டுக்குப் போக வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் சிரியஸுக்கு வடகிழக்கே தோர்ஸ் ஹெல்மெட், அதாவது என்ஜிசி 2359, கிடைக்கும். அதுவும் இதே வகை நட்சத்திரம் ஊதிய குமிழிதான், என் கண்ணுக்கு கிரசன்டைவிட எளிது.

தெற்கு வானம் தெரிகிற இடத்தில் இருந்தால் ஈட்டா கரினே என்ற நட்சத்திரத்தையும் விடாதீர்கள், ஆனால் அங்கே ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். 1840-களின் பெருவெடிப்பில் அது உமிழ்ந்த இரட்டை மடல் பெரும்பாலும் தூசு, நட்சத்திரத்தின் ஒளியைச் சிதறடித்துத்தான் தெரிகிறது, ஓ-3 அதை விழுங்கிவிடும். காற்று அசையாத இரவில் 200 மடங்கு போடுங்கள். மற்ற நட்சத்திரங்களெல்லாம் புள்ளியாக நிற்க, இது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக, இரண்டு பக்கமும் உப்பித் தெரியும்.