தென் சூடானுக்குப் போகும் கணவர்: ஓராண்டு எப்படிப் போகும்?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். ஐ.நா. அமைதிப்படையில் ஓராண்டு பணிக்காகத் தென் சூடானில் உள்ள மலக்கால் நகருக்குப் போகிறார். அங்கே அவருடைய அன்றாடம் எப்படி இருக்கும்? தினமும் பேச முடியுமா? என்ன கொடுத்தனுப்பலாம்?

பதில்: சகோதரி, போனிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் இருப்பவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். தென் சூடான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். அவர் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பன்னிரண்டரை. அங்கே மாலை நாலரை, இங்கே எட்டு என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் பேசலாம், ஆனால் வீடியோ அடிக்கடி ஸ்டக் ஆகும். ரோந்துக்குப் போனால் அதுவும் இல்லை. சின்ன ரோந்து அன்றே திரும்பிவிடும். நீண்ட ரோந்து என்றால் பல நாள் வெளியிலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவர் சொல்லக் கூடாது. நீங்களும் துருவிக் கேட்காதீர்கள். "கொஞ்ச நாள் பேச முடியாது" என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடச் சொல்லுங்கள். போன் வரவில்லையென்றால் பெரும்பாலும் டவர் இல்லை என்றுதான் அர்த்தம். ஏதாவது நடந்தால் யூனிட்டிலிருந்து உங்களுக்கே தகவல் வரும். அங்கே பதிவாகியிருக்கும் உங்கள் முகவரியும் போன் நம்பரும் சரியா என்று அவர் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். உறவினர் குழுக்களில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம்.

மலக்கால் வெள்ளை நைல் நதிக்கரையில் இருக்கிறது. 2013 டிசம்பரில் உள்நாட்டுச் சண்டை வெடித்தபோது உயிர் தப்பி ஓடிவந்த மக்கள் ஐ.நா. முகாமை ஒட்டியே தங்கினார்கள். அவர்களைக் காப்பதுதான் அங்குள்ள படையின் தலையாய வேலை. அதனால் நாளின் பெரும்பகுதி சென்ட்ரி டியூட்டி, வண்டி பராமரிப்பு, ரோந்து என்றே போகும். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, நம் படையின் கால்நடை மருத்துவர்கள் உள்ளூர் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். மாடுதான் சொத்து என்றிருக்கும் ஊரில் அதைவிட நல்ல பெயர் வாங்கும் வேலை வேறில்லை! மே முதல் அக்டோபர் வரை மழை. கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்துவிடும். பல ஊர்களுக்கு ஹெலிகாப்டர்தான் வழி.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013 ஏப்ரலில் ஜோங்லே மாநிலத்தில் ஒரு வாகன அணிமீது நடந்த தாக்குதலில் இந்திய வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். ஆனால் தினம் தினம் எதிர்கொள்ள வேண்டிய எதிரி கொசு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பொருட்களை ஐ.நா. கொடுக்கிறது, லங்கரில், அதாவது படையின் சமையற்கூடத்தில், நம் ஆட்களே சமைக்கிறார்கள். காய்கறி பெரும்பாலும் உறைய வைத்ததாக வருவதால் நாக்கு செத்துப்போகும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கசியாத பாக்கெட்டில் கொடுங்கள். பருத்தி உள்ளாடை, ரப்பர் செருப்பு, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், கண்ணாடி போடுபவர் என்றால் இன்னொரு ஜோடி போதும். லக்கேஜ் எடையை யூனிட்டில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் எல்லோரும் கேட்பார்கள். ஐ.நா. தலைக்கு இவ்வளவு என்று நம் அரசுக்குத்தான் தருகிறது. வீரர் கையில் அது நேரடியாகத் தரும் தினப்படி வெறும் 1.28 டாலர். வெளிநாட்டுப் படி அரசு விதிப்படி தனியாக வரும். அது கணக்கில் ஏறும்வரை அதை நம்பி நகைக்கோ மனைக்கோ கைநீட்டாதீர்கள்.

இனி கொசு. மலேரியா தடுப்பு மாத்திரை அங்கே கட்டாயம். தினசரி டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் போட வேண்டும். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். நீங்கள் காலண்டரில் குறித்து வைத்துக் கண்காணியுங்கள். ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் சாதாரணக் காய்ச்சல் என்று மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று முதலில் சொல்லி, மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.