டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆட்டக்காரர்கள் என் கதையை விட்டு விலகினால் என்ன செய்வது?

இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியும் பகடை உருட்டியும் கதையாக ஆடும் ஆட்டம்: ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம், மற்ற உலகத்தை விவரிப்பவர் நடத்துநர். நடத்துநரான நீங்கள், எழுதிவைத்த கதைக்குள் ஆட்டக்காரர்களை இழுத்துவர வழி கேட்கிறீர்கள். இழுக்காதீர்கள். கதைக்குப் பதில் நிலைமையை எழுதுங்கள்: வில்லனுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் நாளை என்ன செய்வான். இவ்வளவு போதும்.

1974-இல் இந்த ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்தே உலகம் நடத்துநர் கையில், தன் பாத்திரத்தின் முடிவு ஆட்டக்காரர் கையில்.

உதாரணமாக, பாலத்தில் பூதத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். அவர்களோ ஆற்றை நீந்திக் கடக்கிறோம் என்கிறார்கள். "முடியாது" என்றால் அந்த நிமிடமே ஆட்டத்தின் உற்சாகம் செத்துவிடும். நான் இப்படிச் சொல்வேன்: "நீரோட்டம் வேகம். இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் பலத்துக்கான எண்ணையும் கூட்டி 15-ஆவது வரவேண்டும். தவறினால் மூட்டை ஆற்றோடு போகும். இறங்குகிறீர்களா?" ஆபத்தைப் பகடை உருட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அது அவர்களின் தேர்வு. நீந்திக் கரையேறிவிட்டால் அதே பூதத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அது ஏமாற்று வேலை, சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"இன்றைக்குக் கோட்டைச் சாகசம் மட்டும்தான் தயார், போகலாமா?" என்று தொடக்கத்திலேயே கேட்பதில் தவறே இல்லை. பெரும்பாலும் சந்தோஷமாக வருவார்கள்.