ஐந்நூறு பானைக் கடைகளும் பசுந்தேயிலை விலையும்

வணக்கம் ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, எழுதுகிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. இலை விலை இறங்கும்போதெல்லாம் அம்மா "நம்ம தலையெழுத்து" என்பார். மாமா கொஞ்ச காலமாகக் குன்னூரில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். "ஆண்டவர் மனுஷனுக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கார், ஏழையா இருக்கிறது நீயே எடுத்த முடிவு" என்கிறார். சுயசித்தத்தை ஏற்ற மதங்கள்தான் முதலாளித்துவத்தை வளர்த்தன, விதியை நம்பிய சமூகங்கள் பின்தங்கின என்று கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைக் காட்டிச் சொல்வார். இது சரியா? விதியை நம்புவதுதான் எங்கள் பிரச்சினையா?

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆசிரியர் சொன்னது வெபர் எழுதியதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிர். 1904-05இல் வெபர் எடுத்துக்கொண்டு பேசியது முக்கியமாகப் பதினாறாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த கிறிஸ்தவர்களைப் பற்றி. யார் மீட்கப்படுவார், யார் நரகத்துக்குப் போவார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார், மனிதன் என்ன செய்தாலும் அது மாறாது என்று நம்பியவர்கள் அவர்கள். நம் தலையெழுத்தைவிட இறுக்கமான விதி அது. நமக்காவது பரிகாரம் என்று ஒன்று உண்டு. அப்படி நம்பியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் தானும் ஒருவனா என்ற பதைப்பு அவனை விடவில்லை. ஒழுங்காக உழைத்தான், ஊதாரித்தனம் இல்லாமல் வாழ்ந்தான், தொழில் பெருகினால் அதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டான். செலவழிக்காத லாபம் மறுபடி தொழிலுக்கே போயிற்று. வெபரின் வாதம் இதுதான்.

கால்வின் உயிரோடு இருந்தபோதே, 1547இல், கத்தோலிக்கத் திருச்சபை தன் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில் மனிதனின் சுயசித்தம் அழிந்துவிடவில்லை என்று தீர்மானம் போட்டது. உங்கள் ஆசிரியரின் கணக்குப்படி பார்த்தால் முதலாளித்துவம் கத்தோலிக்க நாடுகளில்தான் முதலில் தழைத்திருக்க வேண்டும். அதற்காக வெபரையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. கால்வின் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஃப்ளாரன்ஸிலும் வெனிஸிலும் வங்கித் தொழில் ஜோராக நடந்தது. நம் பக்கம் வந்தால், வினைப்பயனை நம்பிய நகரத்தார்தான் பர்மாவின் நெல் விவசாயத்துக்கே கடன் கொடுத்தார்கள்.

உங்கள் மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட் சபையான பாசல் மிஷன்காரர்கள் 1846இல் நீலகிரியில் கேத்திக்கு வந்தார்கள். மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் வேலை செய்த அதே சபை, அதே வேதம், அதே போதனை. மேற்குக் கடற்கரையில் அவர்கள் நெசவாலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் நடத்தினார்கள். நீலகிரியில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஓடு சுடக் களிமண் வேண்டும், சுட்டதை ஏற்றி அனுப்பத் துறைமுகம் வேண்டும். கேத்திப் பள்ளத்தாக்கில் துறைமுகத்துக்கு எங்கே போவது?

ஆக, ஒரு மதம் சுயசித்தத்தை ஏற்கிறதா மறுக்கிறதா என்பதை வைத்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தைச் சொல்லிவிட முடியாது. நான் பார்க்கச் சொல்வது வேறு இடத்தை. ஒரு சமூகம் யாருடைய செயலுக்கு 'முடிவு' என்று பேர் வைக்கிறது, யாருடைய நிலைமைக்கு 'விதி' என்று பேர் வைக்கிறது?

இதற்குச் சமண ஆகமத்தில் ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. சத்தாலபுத்தன் என்றொரு குயவர். நம் ஊர்ச் சட்டி பானைக்காரர் மாதிரி நினைத்துவிட வேண்டாம், ஐந்நூறு கடைகளுக்குச் சொந்தக்காரர், பெரும் பணக்காரர். ஆசீவகர். மணிமேகலையில் சமயவாதிகளின் வரிசையில் வருகிறார்களே, அந்த மரபு. எல்லாமே நியதிப்படி நடக்கிறது, முயற்சி என்று ஒன்றும் கிடையாது என்பது மற்கலி கோசாலரின் போதனை. மகாவீரர் சத்தாலபுத்தனிடம், இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமலே ஆனவையா என்று கேட்கிறார். முயற்சி இல்லாமலே, எல்லாம் நியதி என்கிறார் சத்தாலபுத்தன். சரி, யாராவது ஒருவன் வந்து உன் பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிப்போடுவேன், உயிரையே எடுப்பேன் என்கிறார். முயற்சியே இல்லை என்றால் அவன் எதையும் செய்யவில்லையே, பிறகு அவனை ஏன் அடிக்கிறாய் என்று மகாவீரர் மடக்குகிறார். குயவர் கட்சி மாறிவிடுகிறார்.

சமணர்கள் இதைத் தங்கள் வெற்றிக் கதையாகச் சொன்னார்கள். ஆசீவகர் தரப்பு நூல்கள் நம் கைக்கு வரவில்லை என்பதால் அவர்களுடைய பதிலைக் கேட்க வழியில்லை. ஆனால் நான் இதைத் தத்துவச் சண்டையாகப் படிப்பதில்லை. கடை முதலாளி ஒருவரின் மனசு இதில் அப்படியே இருக்கிறது. ஐந்நூறு கடைகள் தனக்கு வாய்த்தது நியதி. அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. பானையை உடைத்தவன் மட்டும் தானாக முடிவெடுத்து உடைத்தவன்.

இப்போது உங்கள் இலைக்கு வருகிறேன். தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்த விலை அது. உரம், பறிகூலி, வண்டி வாடகை எல்லாம் உங்கள் பொறுப்பு. விலையில் உங்கள் பேச்சு எடுபடாது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்ததும் நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். அந்தப் பத்தாண்டு முடியும்போது விலை விழுந்தது. அது எந்த ஹட்டிக்காரர் எடுத்த முடிவு? அம்மா 'தலையெழுத்து' என்று சொல்வதை மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். தன் கைக்கு எட்டாத இடத்தில் தன் வரும்படி தீர்மானமாகிறது என்பதை அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். இதையே பொருளாதார நிபுணர் ஒருவர் 'சந்தை நிலவரம்' என்று சொன்னால் குறித்துக்கொள்கிறோம். தனிமனித சுதந்திரத்தைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள்தான் விலை என்று வந்தால் அதை யாரும் தீர்மானிக்கவில்லை, தானாக அமைகிறது என்பார்கள். சத்தாலபுத்தன் கேட்டால் சந்தோஷப்படுவார்.

உங்கள் ஊர் இறுதிச் சடங்கில் பாவங்களை வரிசையாகச் சொல்லும் கரு ஹரசோது பற்றி நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்த சார்லஸ் கோவர் 1871இல் அதன் ஒரு வடிவத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டார். ஊர்ந்த பாம்பைக் கொன்றது பாவம், எல்லைக்கல்லை நகர்த்தியது பாவம், மலையில் வழிதவறி வந்தவனுக்குத் தப்பான பாதையைக் காட்டியது பாவம், அண்டை வீட்டுத் தகராறுக்குச் சர்க்காரை இழுத்தது பாவம் என்று நீள்கிறது. எல்லைக்கல் தானாக நகராது, யாரோ நகர்த்த வேண்டும். அந்த அளவில் இது உங்கள் மாமாவின் கட்சி. ஆனால் இறந்தவர் தலையில் மட்டும் அதைக் கட்டுவதில்லை. முன்னோர் செய்ததும் சேர்த்தே சொல்லப்படுகிறது, கூடியிருக்கிற எல்லோரும் சேர்ந்து 'பாவம்' என்கிறார்கள். ஏழ்மை உன் ஒருவனுடைய முடிவு என்று பேசுகிற போதனையைவிட இதில் கணக்கு நேர்மையாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

அப்புறம், விதியை நம்பியதால் உங்கள் ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்பதே உண்மையில்லை. ராகியும் சாமையும் விளைந்த நிலத்தில் உருளைக்கிழங்கு வந்தது. 1961இல் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டு கிழங்கு அடிவாங்கியது. தேயிலை பரவியது. தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டே பயிரை மாற்றியிருக்கிறார்கள். 2023இல் இலை விலை கேட்டுப் படுகர் ஊர்களில் உண்ணாவிரதம் இருந்தார்களே, அவர்களில் விதியை நம்பாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மாமாவிடம் மதத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம். ஒன்றை மட்டும் கேளுங்கள். ஆண்டவர் கொடுத்த சுயசித்தம் இலை பறிக்கிறவனுக்கு மட்டும்தானா, ஏலத்தில் விலை கேட்கிறவருக்கும் உண்டா? அவருக்கும் உண்டு என்று சொன்னால் மாமாவோடு எனக்குப் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை.