லேஆஃபுக்குப் பிறகு மாதக்கணக்கில் அப்ளை செய்தும் சாஃப்ட்வேர் வேலை கிடைக்கவில்லை. எங்கே தவறுகிறது?

ஐந்தாறு வருட பேக்கெண்ட் (சர்வர் பக்க புரோகிராமிங்) அனுபவம், லேஆஃப் ஆகி மாதங்கள் ஓடிவிட்டன, நூற்றுக்கணக்கில் அப்ளை செய்தும் அழைப்பு வருவதே அபூர்வம், தினமும் லீட்கோட் (இன்டர்வியூவில் வரும் கோடிங் கேள்விகளைப் பழகும் தளம்) மட்டும் விடாமல் போட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் திறமை திடீரென்று குறைந்துவிடவில்லை. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அதன்பின் சின்னதும் பெரியதுமாக லேஆஃப் தொடர்கிறது. பணம் மலிவாகக் கிடைத்த காலத்தில் வளர்ச்சியை எதிர்பார்த்து ஆள் எடுத்த நிறுவனங்கள், வட்டி ஏறியதும் முதலில் கை வைத்தது ஆட்களின் எண்ணிக்கையில்தான். ஒரே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தார்கள். ஒரு க்ளிக்கில் அப்ளை செய்யும் வசதியும், ஏஐ எழுதித் தரும் ரெஸ்யூமேக்களும் சேர்ந்து ரெக்ரூட்டரின் வரிசையை நிரப்பிவிட்டன. விளம்பரத்தில் இருக்கும் வேலை எல்லாமே உண்மையில் காலியாக இருப்பதும் இல்லை. சிலவற்றுக்கு உள்ளேயே ஆள் முடிவாகியிருக்கும். சிலவற்றுக்கு பட்ஜெட் நிறுத்தப்பட்டிருக்கும், விளம்பரத்தை மட்டும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அழைப்பே வராதபோது லீட்கோட் போடுவதால் பயன் இல்லை. வேலை தேடலில் நான்கு கட்டம் உண்டு: அப்ளை செய்ததிலிருந்து ரெக்ரூட்டர் அழைப்பு வரை, அதிலிருந்து டெக்னிக்கல் ரவுண்ட் வரை, அதிலிருந்து கடைசி ரவுண்ட் வரை, பிறகு ஆஃபர். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது? ஒரு எக்செல் ஷீட் போடுங்கள். தேதி, நிறுவனம், எந்த வழியாக அப்ளை செய்தீர்கள், எந்த ரெஸ்யூமே அனுப்பினீர்கள், எதுவரை போனது, இவ்வளவு போதும். தகுதி நன்றாகப் பொருந்தும் 40 இடங்களுக்கு அனுப்பியும் ஒரு அழைப்பு வரவில்லை என்றால், நாற்பத்தொன்றாவதை அனுப்பாமல் ரெஸ்யூமேயைத் திறக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த முதல் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் சிக்குகிறார்கள். மென்பொருள் ரெஸ்யூமேயைப் படித்து மதிப்பெண் போட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறது என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் தானாக நிராகரிக்க வைப்பது படிவத்தில் வரும் கேள்விகள்: வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு. சம்பளப் பெட்டியில் அவசரமாகப் போட்ட ஒரு தொகை அங்கேயே கதையை முடித்துவிடலாம். அந்தப் பெட்டி கட்டாயம் இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

பிறகு பிடிஎஃப். பக்கத்தை இரண்டு காலமாகப் பிரிப்பது, டேபிள், ஐகான், திறமையைக் காட்டும் பட்டைகள் எல்லாம் கண்ணுக்கு அழகு, ஆனால் எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது வரிசை குலையும். சோதிப்பது எளிது. பிடிஎஃபில் எல்லாவற்றையும் தேர்வுசெய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே நிறுவனத்தின் பெயரும் தேதியும் கலைந்து கிடந்தால் ரெக்ரூட்டரின் திரையிலும் அப்படித்தான் தெரியக்கூடும். பழைய நிறுவனம் உள்ளுக்குள் வைத்திருந்த விநோதமான பதவிப் பெயருக்குப் பக்கத்தில் ‘பேக்கெண்ட் இன்ஜினியர்’ என்று எல்லோரும் தேடும் பெயரையும் எழுதுங்கள்.

ரெஸ்யூமேயைப் பார்ப்பவர் சில நொடிகளில் முதல் பக்கத்தின் மேல்பாதியைத்தான் மேய்கிறார். அங்கே ‘மைக்ரோசர்வீஸ் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினேன்’ என்று இருந்தால் அது எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கும் வரி. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஆர்டர் சர்வீஸில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனி கொயரி ஓடியதைக் கண்டுபிடித்து ஒரே ஜாயினாக மாற்றினேன், நூற்றில் 95 ரிக்வெஸ்ட்டுகள் முடியும் நேரம் 900 மில்லிசெகண்டிலிருந்து 220-க்கு இறங்கியது.’ என்ன கோளாறு, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இன்டர்வியூவில் அடுத்த கேள்வியும் அங்கிருந்தே வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்கும். பழைய டாஷ்போர்டு இப்போது கையில் இல்லையே என்றால், நிச்சயமாகத் தெரிந்த அளவை மட்டும் எழுதுங்கள்: எத்தனை டீம் அந்த சர்வீஸைப் பயன்படுத்தியது, டேட்டாபேஸ் டேபிளில் ஏறக்குறைய எத்தனை கோடி வரிசை. எண்ணை இட்டுக்கட்ட வேண்டாம், அடுத்தடுத்த இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

வழியும் முக்கியம். விளம்பரம் வந்து ஓரிரு நாளுக்குள், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே அப்ளை செய்யுங்கள். அதற்கும் முன்னால் ரெஃபரல், அதாவது அங்கே வேலை செய்பவர் ஒருவரின் பரிந்துரை. ‘உங்கள் கம்பெனியில் ஏதாவது ஓப்பனிங் இருக்கா?’ என்ற செய்திக்குப் பதில் வராது, ஏனென்றால் தேடும் வேலையை எதிராளியின் தலையில் வைக்கிறது. வேலையின் லிங்க், அதற்கு நீங்கள் பொருந்துவதை மூன்று வரியில், ரெஸ்யூமே பிடிஎஃப், எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்பினால் அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். கூட வேலை பார்த்து அதே லேஆஃபில் வெளியேறியவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களில் உங்களுக்கு முன்னால் புது வேலையில் சேர்ந்தவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர், அவருடைய வார்த்தைக்கு எடை அதிகம்.

ரெக்ரூட்டர் அழைக்கும்போது லேஆஃபை மறைக்க வேண்டாம். கடைசி வேலைநாள் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் வந்துவிடும், ரெஸ்யூமேயில் ‘இன்றுவரை’ என்று விட்டு வைத்திருந்தால் கையில் வந்த ஆஃபரே போகலாம். ‘நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது, அதில் என் பணியும் போனது. பேமென்ட் பக்கம் செய்த வேலையைத் தொடரத் தேடுகிறேன், உடனே சேர முடியும்.’ இவ்வளவுதான். பழைய மேனேஜரைப் பற்றி எதுவும் வேண்டாம்.

டெக்னிக்கல் ரவுண்டில் நிற்பவர்களுக்குத்தான் லீட்கோட் தேவை, அதுவும் எண்ணிக்கைக்காக அல்ல. வருடக்கணக்கில் ஆட்டோகம்ப்ளீட்டும் ஏஐயும் பக்கத்தில் இருந்து பழகிய கை, வெற்று எடிட்டரில் தடுமாறும். 45 நிமிடம் கடிகாரம் வைத்து, உதவி எல்லாவற்றையும் அணைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிப் பழகுங்கள். முதல் ஐந்து நிமிடம் கேள்வி கேட்க: உள்ளீடு எவ்வளவு பெரியது, காலியாக வரலாமா, ஒரே மதிப்பு திரும்ப வருமா. உள்ளீடு ஒரு லட்சம் என்றால் லூப்புக்குள் லூப் 1,000 கோடி முறை ஓடும், நேரத்துக்குள் முடியாது. வரிசைப்படுத்தித் தேடினால் சுமார் 17 லட்சத்தில் அடங்கும். இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்வதே பாதி பதில். முடித்தேன் என்று சொல்லும் முன் ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பெரிய சிஸ்டத்தை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் ரவுண்டில் அனுபவசாலிகளும் கவிழ்வது ஒரே இடத்தில்: கணக்குப் போடாமல் காஃப்கா (செய்திகளை வரிசையில் கடத்தும் மென்பொருள்), ஷார்டிங் (டேட்டாவைப் பல சர்வர்களில் பிரித்து வைப்பது) என்று பெட்டி வரையத் தொடங்கிவிடுவது. தினம் 10 லட்சம் பேர், ஆளுக்கு 10 ரிக்வெஸ்ட் என்றால் நாளுக்கு ஒரு கோடி. 86,400 நொடியால் வகுத்தால் நொடிக்கு 116 வருகிறது. உச்ச நேரத்தில் ஐந்து மடங்கு என்று வைத்தாலும் 600-க்குள். சாதாரண ரிக்வெஸ்ட்டுகள் என்றால் சரியான இண்டெக்ஸ் போட்ட ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸே இதைத் தாங்கும். ‘இப்போதைக்கு இது போதும், எழுதும் சுமை இந்த அளவைத் தாண்டினால் பிரிப்பேன்’ என்று சொல்பவரைத்தான் எதிரே இருப்பவர் சீனியர் என்று நினைப்பார்.

இடைவெளி நீளும்போது சான்றிதழ்களாக வாங்கிக் குவிப்பதைவிட, டெஸ்ட்டும் லாக்கும் உள்ள ஒரு சிறிய ப்ராஜெக்டை முழுதாக முடித்து ஓடவிடுவது மேல். கான்ட்ராக்ட் வேலை வந்தால் தயங்காமல் எடுங்கள்.

கடைசி ரவுண்ட் நன்றாகப் போனதும் பலர் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள், இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அந்த வாரமே ஹைரிங் நிறுத்தப்படலாம், உங்கள் மேல் எந்தக் குறையும் இருக்காது. ஆஃபர் கையெழுத்தாகி வேலையில் சேரும் நாள்வரை மற்ற இன்டர்வியூக்களை ரத்து செய்யாதீர்கள்.

வேலை தேடுபவர்களைக் குறிவைத்த மோசடியும் அதிகம். லேப்டாப்புக்கோ பயிற்சிக்கோ பணம் கேட்டால் அது வேலை அல்ல. முன்பின் தெரியாத ரெக்ரூட்டர் ‘டெஸ்ட்’ என்று ஒரு கிட்ஹப் ரெப்போ (இணையத்தில் வைத்த கோட் தொகுப்பு) அனுப்பினால் உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்த உடனேயே அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை எடுத்துவிட முடியும். ரெப்போவில் இருக்கும் பேக்கேஜ் டாட் ஜேசன் ஃபைலில் போஸ்ட்இன்ஸ்டால் (இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றாலும் எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாத விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் தனித்து ஓடும் இன்னொரு கணினி) மட்டும் திறங்கள்.