ஆன்டிவைரஸ் போகவும் மாட்டேன் என்கிறது, வரவும் மாட்டேன் என்கிறது!

வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் ஆன்டிவைரஸை நீக்கி மறுபடி போடுவது பற்றியவை திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். எல்லாக் கேள்விகளும் விண்டோஸ் கணினிகள் பற்றியவை.

கேள்வி: என் ஆன்டிவைரஸ் திடீரென அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டது. நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று அன்இன்ஸ்டால் கொடுத்தேன்; பாதியில் எரர் காட்டி நின்றது. கோபத்தில் அதன் ஃபோல்டரையே அழித்தேன். சில ஃபைல்கள் அழியவில்லை. இப்போது புதிதாகப் போடப் போனால், 'பழைய பதிப்பு இருக்கிறது, அதை நீக்குங்கள்' என்கிறது. நீக்கப் போனால், 'நீக்குவதற்கான ஃபைலைக் காணோம்' என்கிறது. என்ன செய்வது மேடம்?

பதில்: முதலில், பயப்படாதீர்கள். உங்கள் ஆவணங்களும் படங்களும் இதனால் எங்கும் போய்விடவில்லை. யாராவது "ஃபார்மேட் அடித்துவிடலாம்" என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது.

ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருள்களைப் போன்றது அல்ல. ஒரு கெட்ட நிரல் கணினிக்குள் நுழைந்தால் முதலில் முடக்கப் பார்ப்பது ஆன்டிவைரஸைத்தான். அதனால் தன் ஃபைல்களையும், ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புக் குறிப்பேட்டில் உள்ள தன் பதிவுகளையும் யாரும் தொடாதபடி அது தானே காவல் காத்துக்கொள்கிறது. அழிப்பது நீங்களா, வைரஸா என்று அதற்குத் தெரியாது. அட்மின் கணக்கில் உள்ளே வந்திருந்தாலும் விடாது. உங்கள் ஃபைல்கள் அழிய மறுத்ததற்குக் காரணம் இதுதான்.

அதோடு, அதன் முக்கியமான பகுதி கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியும் ஐகானில் இல்லை. விண்டோஸின் மையமான கெர்னலில், டிரைவர்கள் எனப்படும் அடிமட்ட நிரல்களாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் நடுவில் நின்று அதைச் சோதிப்பது அந்த டிரைவர்தான். அந்த ஆழத்தில் ஒரு கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. அது நிறுவனங்களுக்கான மென்பொருள். ஆனால் வீட்டு ஆன்டிவைரஸின் டிரைவர்களும் இருப்பது அதே கெர்னலில்தான்.

எதை முதலில் நிறுத்தி எதை அப்புறம் எடுக்க வேண்டும் என்ற வரிசை அதன் அன்இன்ஸ்டாலருக்குத்தான் தெரியும். நீங்கள் அழித்த ஃபோல்டரோடு அந்த அன்இன்ஸ்டாலரும் போய்விட்டது. ரெஜிஸ்ட்ரி பதிவுகளும் டிரைவர்களும் மட்டும் மிச்சம். புது இன்ஸ்டாலர் அந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் 'பழையது இருக்கிறது' என்கிறது.

இதற்கென்றே ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனி நீக்கக் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. மெக்காஃபிக்கு எம்.சி.பி.ஆர்., அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர், காஸ்பர்ஸ்கைக்கு கேவ்ரிமூவர், இசெட்டுக்கு இசெட் அன்இன்ஸ்டாலர், நார்ட்டனுக்கு 'ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால்'. உங்களுடையது வேறு நிறுவனம் என்றால், அவர்களுடைய உதவிப் பக்கத்தில் தேடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள். 'எந்த ஆன்டிவைரஸையும் நீக்கும்' என்று விளம்பரப்படுத்தப்படும் கண்ட மென்பொருளையும் இறக்கி, இருக்கிற சிக்கலோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கருவியை ஓட்டுவதற்கு முன்பு கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். லைசென்ஸ் கீயையோ, அந்த நிறுவனத்தில் உங்கள் கணக்கின் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையுமோ தாளில் எழுதி வையுங்கள். ஆன்டிவைரஸோடு வந்த பாஸ்வேர்ட் பெட்டகத்தைப் பயன்படுத்தியிருந்தால் அதில் உள்ளவற்றை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். ஆன்டிவைரஸ் ஒதுக்கி அடைத்து வைத்திருந்த ஃபைல்கள் நீக்கும்போது போய்விடலாம். தவறாகப் பிடிபட்ட நல்ல ஃபைல் ஏதும் அதில் இருந்தால், மென்பொருள் இன்னும் திறக்கும் நிலையில் உள்ளவர்கள் முதலிலேயே மீட்டுவிடுங்கள். அப்புறம் நீக்கக் கருவி, புது இன்ஸ்டாலர் இரண்டையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலரில் ஆஃப்லைன் பதிப்பு கிடைத்தால் அதுவே நல்லது. சிறிய இன்ஸ்டாலர்கள் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். நடுவில் நெட் அறுந்தால் மறுபடி அரைகுறைதான்.

சில கருவிகளை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸில், ஓட்டச் சொல்வார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலப் பின்னணியில் பட்டியல் வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பல லேப்டாப்களில் டிஸ்க், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். தொடங்கும் முன்பே அதை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடில் சாதாரண அன்இன்ஸ்டாலை முயன்றால் 'விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை அணுக முடியவில்லை' என்று வரக்கூடும். அந்த சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாது, அவ்வளவுதான். வழக்கமான நீக்கத்துக்கு வழக்கமான விண்டோஸ். சேஃப் மோட் நீக்கக் கருவிக்கு மட்டும்.

கருவி வேலையை முடித்ததும் ரீஸ்டார்ட் செய்து புதிதை நிறுவுங்கள். அது உண்மையில் விழித்திருக்கிறதா என்று பார்க்க 'ஐகார்' சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள் கொண்ட வரி. எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் அதை வைரஸாகவே பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்குள் உள்ள ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். உடனே எச்சரிக்கை வந்தால் காவல் சரியாக இருக்கிறது.

கேள்வி: அன்இன்ஸ்டால் முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்டது. நேரமாகிவிட்டதால் ஷட் டவுன் செய்துவிட்டு மறுநாள் கணினியைப் போட்டேன். இன்னமும் 'நீக்கம் முடியவில்லை, ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்றே சொல்கிறது. அணைத்துப் போட்டாலும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதானே?

பதில்: இன்றைய விண்டோஸில் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலும் டிரைவர்களும் அப்படியே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும். பழைய ஆன்டிவைரஸ் டிரைவரும் அதோடு சேர்ந்து எழுந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பயன்பாட்டில் இருந்ததால் அழிக்க முடியாமல் ஒத்திவைத்த ஃபைல்கள் அப்போதுதான் அழியும். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: ஆன்டிவைரஸை நீக்கிய நிமிடத்திலிருந்து நெட் இல்லை. வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. போனில் அதே வைஃபை நன்றாக வேலை செய்கிறது.

பதில்: போனில் வேலை செய்கிறது என்று பார்த்து எழுதினீர்களே, அது பாதி வேலையை மிச்சப்படுத்திவிட்டது. ரவுட்டரிலும் இணைப்பிலும் குறை இல்லை, கணினிக்குள்தான்.

இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் ஆன்டிவைரஸ், நெட்வொர்க் அடாப்டரின் மேல் தன் வடிகட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கும். நீக்கம் அரைகுறையானால் சோதிக்கும் மென்பொருள் போய்விடும், வடிகட்டி நின்றுவிடும். போகும் தகவலை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லை. இதே குறையோடு வந்த ஒரு கணினியில், நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் போய் வைஃபை அடாப்டரின் மேல் வலது சொடுக்கு கொடுத்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தேன். வழக்கமான வரிகளுக்கு நடுவே, எப்போதோ நீக்கப்பட்ட ஒரு ஆன்டிவைரஸின் பெயரில் ஒரு வரி, டிக் போட்டபடி இருந்தது. டிக்கை எடுத்து ஓகே கொடுத்ததும் தளங்கள் திறந்தன. உங்களுடையதிலும் முதலில் அங்கே பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் டிக்கை எடுத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் நீக்கக் கருவியையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (இணையத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர்) பகுதியைப் பாருங்கள். நீங்கள் வைக்காத முகவரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி, செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. இது அடாப்டர்களை நீக்கி மறுபடி நிறுவும். வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். விபிஎன் வைத்திருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டும்.

கேள்வி: பழையதை எடுத்துப் புதியதைப் போடும் வரை கணினி பாதுகாப்பில்லாமல் இருக்குமே? அதனால் புதியதை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பழையதை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டு டிரைவர்கள் ஒரே நேரத்தில் பிடித்துச் சோதிக்கப் பார்த்தால் கணினி ஆமை வேகத்தில் போகும், சில சமயம் உறைந்தே போகும். இடைவெளியைப் பற்றிய கவலையும் வேண்டாம். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகவே கூட வருகிறது. வேறொன்றை நிறுவினால் ஒதுங்கிக்கொள்ளும், அது போனால் தானே விழித்துக்கொள்ளும். விழித்ததா என்று 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்டேட்களை ஒழுங்காகப் போட்டு, கண்ட இடத்தில் மென்பொருள் இறக்காதவருக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. ஆனால் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸின் ஓட்டைகளை எந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது.

கேள்வி: ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன. பென் டிரைவில் இன்ஸ்டாலரைக் கொண்டுவந்தாலும் திறந்த உடனே மூடிக்கொள்கிறது.

பதில்: உங்கள் கணினியில் ஏற்கெனவே ஏதோ குடியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கும். அது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, வெளியே நின்று சோதிக்கும். வைரஸால் அதைத் தடுப்பது கடினம். கால் மணி நேரம் போல ஆகும். அதையும் திறக்க விடவில்லை என்றால், வேறு நல்ல கணினியில் 'மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர்' இறக்கிக் கொண்டுவந்து ஓட்டுங்கள். இறக்கிய 10 நாளில் காலாவதியாகும் என்பதால் பழைய பிரதி உதவாது. சுத்தமான பிறகும் தளங்கள் திறக்கவில்லையா? எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலை நோட்பேடில் அட்மினாகத் திறந்து, ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தால் அந்த வரிகளை நீக்குங்கள். வைரஸ்கள் அங்கே கை வைப்பது பழைய வழக்கம்.

கேள்வி: ஆன்டிவைரஸை நீக்கி நாளாகிறது. ஆனாலும் 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, வைரஸ்கள் உள்ளன' என்று திரையின் மூலையில் வந்துகொண்டே இருக்கிறது. கார்டிலிருந்து சந்தாப் பணமும் மறுபடி எடுத்துவிட்டார்கள்.

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். மென்பொருளை நீக்கினால் சந்தா ரத்தாகாது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பித்தலை அணைக்க வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கலாம், அவர்களுடைய விதிகளைப் பார்த்து உடனே எழுதுங்கள்.

மூலையில் வருவது அநேகமாக ஆன்டிவைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் 'அலவ் கொடுங்கள்' என்று கேட்டபோது கொடுத்திருப்பீர்கள். அந்தத் தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் அறிவிப்பு அது. அறிவிப்புக்குள் தளத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும், உற்றுப் பாருங்கள். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதில் தரும் தொலைபேசி எண்ணுக்கு அழைக்காதீர்கள். ஏற்கெனவே அழைத்து, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கவும் விட்டிருந்தால், நெட்டைத் துண்டித்துவிட்டு வேறொரு கணினியிலோ போனிலோ மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். அவர்கள் நிறுவச் சொன்ன மென்பொருளை அதற்கப்புறம் நீக்கிக்கொள்ளலாம்.