டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் ராணுவத்தில் சேர முடியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

*என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா (எழுத்துகளை வாசிப்பதில் சிரமம்). பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. ராணுவச் சிப்பாய் சேர்க்கைக்கான அக்னிவீர் தேர்விலும் கிடைக்குமா? – ஒரு தாய், தென்காசி*

கிடைக்காதும்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. ஆனாலும் சிப்பாய் பணிக்கு அந்தச் சட்டத்தின் வேலை ஒதுக்கீடு இல்லை. எல்லோருக்கும் ஒரே கடிகாரம்தான்: பொதுப்பணிப் பிரிவுக்கு 60 நிமிடத்தில் 50 கேள்விகள்.

மனம் தளர வேண்டாம். 2025 முதல் தமிழிலேயே எழுதலாம். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பதால் எழுத்துப்பிழை பற்றிய கவலை இல்லை; வாசிப்பு வேகம்தான் சிக்கல். தேர்வு கணினியில் நடப்பதால் பயிற்சியும் திரையிலேயே நடக்கட்டும். கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்கப் பழக்குங்கள். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும், குத்துமதிப்பாகத் தட்டக் கூடாது.

*மருத்துவப் பரிசோதனையில் டிஸ்லெக்ஸியா இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். – மாணவர், மதுரை*

வேண்டாம் தம்பி. பழைய நோய், சிகிச்சை பற்றிக் கேட்டு உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். பொய் என்று பின்னால் தெரிந்தால், சேர்ந்த பிறகும் வேலை போகும். உண்மையைச் சொன்னால் தகுதி இல்லை என்று அனுப்பிவிடவும் கூடும். அதற்காகப் பொய்யில் தொடங்காதீர்கள்.

*எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. டிஸ்கால்குலியா என்றார்கள். அதிகாரியாக ஆசை. – பி.ஏ. மாணவி, திருச்சி*

உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணக்கு. ஆனால் பட்டதாரிகள் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு எழுதும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வில் ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாத சிறப்புச் சேர்க்கையும் உண்டு. கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் உடனே சேருங்கள்.

அப்புறம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல், ஐந்து நாள். அதில் ஒரு சொல் திரையில் 15 நொடி நிற்கும். அதற்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். வாசிப்பிலும் தடுமாற்றம் இருந்தால் இங்கேதான் திணறுவீர்கள். நாலைந்து சொல்லில் முடியும் வாக்கியமே போதும். எழுத்துப்பிழையைவிட வெற்று வரிதான் ஆபத்து என்பது என் கணிப்பு. மறுபக்கம், கயிறு, பலகை, பீப்பாய் கொண்டு தடைகளைக் கடக்கும் குழுப் பயிற்சி இருக்கிறது. படிப்பில் பின்தங்கிய எத்தனையோ பிள்ளைகள் அங்கே முன்னால் நிற்பார்கள்.

*சீருடைப் பணி கிடைக்காவிட்டால்? – தந்தை, வேலூர்*

துணை ராணுவப் படைகளின் போர்ப்பணிகளுக்கும் 2021 முதல் மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு; அதாவது அங்கேயும் ஒதுக்கீடு இல்லை. ஆனால் பாதுகாப்புத் துறையில் சீருடை இல்லாத எழுத்தர், கிடங்குப் பணிகள் உண்டு. மத்திய அரசின் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் கற்றல் குறைபாடு உள்ளிட்ட பிரிவுக்கானது. அதற்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். பள்ளியில் வாங்கிய பழைய சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். 18 வயதில் மறுபடி பரிசோதித்து வாங்குவதுதான் நிரந்தரமாகச் செல்லும்.